நெரெய்தாவுக்குப் போன தவளைச் சத்தம்

மலைகள் நிறைந்த ஒரு வெப்பத் தீவில், கயேய் ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் பௌதிலியோ கோத்தோ அதிகம் பேசாத மனிதர். எதைக் கொண்டுபோய்க் கொடுத்து "ஓடலை" என்றாலும் மறுநாள் ஓடவைத்துவிடுவார். மனைவி செத்துப்போன வாரம், அழுவதற்குப் பதிலாகக் கூரைத் தகரத்தைப் பிரித்து மாற்றிக்கொண்டிருந்தார்.

ஒரே மகள் நெரெய்தா, புருஷனுக்குப் பொம்மைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் நியூயார்க்கில் பிராங்க்ஸ் பக்கம் குடிபோனாள். போன எட்டாம் மாதம் அப்பாவுக்கு எழுதினாள்: "இங்க தூக்கமே வர மாட்டேங்குதுப்பா. விடிய விடிய போலீஸ் வண்டி ஊளையிடுது. ஒரு கோக்கி சத்தம்கூட இல்ல."

கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அன்று சாயங்காலம் மழை விட்டதும் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் போனார். வாழைமட்டைகளுக்குள்ளிருந்து கட்டைவிரல் பருமனே உள்ள தவளைகள் 'கோ-கீ, கோ-கீ' என்று காது அடைக்கக் கத்தின. ஒரு மணி நேரம் கொசுக்கடியோடு அசையாமல் உட்கார்ந்து பதிவு செய்து, கேசட்டைத் தபாலில் அனுப்பினார். கூடக் கடிதம் ஏதும் வைக்கவில்லை.

அந்தக் கேசட் பிராங்க்ஸில் நெரெய்தாவின் பக்கத்து வீட்டுக்காரி கைக்குப் போய், அவளிடமிருந்து பாட்டுக்கடைக்காரர் காதலீனோ கைக்குப் போனது. அவர் கடை வாசலில் அதைப் போட்டார். தெருவில் போன தீவுக்காரர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பிரதி எடுத்து மாளவில்லை. ஸ்பானிஷ் வானொலி ஒன்று தினமும் நிகழ்ச்சி முடியும்போது அதை ஒலிபரப்பியது.

நாலு வருஷம் கழித்து, பனி கொட்டும் பிப்ரவரியில் மகளைப் பார்க்கப் போனார். காதலீனோவின் கடையில் ஒரு அம்மாள் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானாய்யா அது? எங்கம்மா கடைசி மூணு மாசமும் இதக் கேட்டுத்தான் தூங்கினாங்க. உசுரு போனதும் இதக் கேட்டுக்கிட்டேதான்."

அவர் தொப்பியைக் கழற்றினார்.

மகள் வீட்டில் கேசட்டைக் காணோம். அவள் அடுப்பில் அவரைக்கொட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

"தேஞ்சுபோச்சாம்மா? வேற எடுத்துத் தரேன்."

"ஒரே தடவைதாம்ப்பா கேட்டேன். அப்புறம் குடுத்துட்டேன்."

"ஏன்?"

அவள் திரும்பாமலே சொன்னாள். "தூக்கம் வரலன்னு எதுக்கு எழுதினேன்னு நினைச்சீங்க? 'கிளம்பி வந்துடும்மா'ன்னு ஒரு வரி வரும்னு தினம் தபால் பெட்டியத் திறந்து திறந்து பாத்தேன். நீங்க தவளைய அனுப்பினீங்க."

அவர் அடுப்பைத் தணித்துவிட்டுச் சொன்னார். "இப்ப வாயேன்."

"இப்பவா?" அவள் கரண்டியைக் கழுவினாள். "பசங்க பள்ளிக்கூடம் இங்க. அவரு வேலை இங்க. போங்கப்பா."

இன்னொரு கேசட் வேண்டும் என்று காதலீனோ கேட்டபோது, மெஷின் கெட்டுவிட்டது என்றார். ஊர் திரும்பிய பிறகு மாதம் தவறாமல் மகளுக்கு எழுதினார். ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் 'வந்துடும்மா' என்று இருந்தது. அவள் பணிவான பதில்கள் போட்டாள்.

அவர் அப்படி எழுதத் தொடங்கிய ஏழாவது வருஷம், அவரை அடக்கம் செய்ய மூன்று நாள் வந்தாள். ராத்திரி ஓடைப் பக்கம் தவளைகள் கத்தின. அந்த வெக்கையிலும் ஜன்னல்களை ஒன்று விடாமல் சாத்திக்கொண்டுதான் படுத்தாள்.