சண்முகவடிவின் ஐஸ் பெட்டி

மூடியைத் திறந்தாள், மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள், முகத்தைச் சுளித்தாள். "போச்சு, இதுவும் போச்சு." அடுத்த கிண்ணத்தை எடுத்தாள்.

தியாகராய நகரில், உஸ்மான் சாலைக்குப் பின்புறத் தெருவில் இருக்கும் அந்த வீட்டில் வெள்ளிக்கிழமைக் காலை என்றால் சண்முகவடிவுக்கு இதுதான் முதல் வேலை. ஃபிரிட்ஜில் உள்ளதையெல்லாம் எடுத்துத் தரையில் பரப்பி, சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மோந்து பார்ப்பாள். தேங்காய்த் துவையல் நூல் விட்டிருக்கும். தோசை மாவு பொங்கி வழிந்து கீழ்த்தட்டுக் கத்தரிக்காய்களுக்கு அபிஷேகம் நடந்திருக்கும். நேற்று உறை ஊற்றிய தயிரை நாக்கில் வைத்தால் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும்.

மறதியும் உண்டு, அதை மறைப்பானேன்? எதையும் கொட்ட மனசு வராது அவளுக்கு. அரை மூடி எலுமிச்சம்பழம், இரண்டு கரண்டி கூட்டு, ஒரு கைப்பிடி பொரியல், எல்லாவற்றையும் "ராத்திரிக்கு ஆகும்" என்று உள்ளே தள்ளிவிடுவாள். எந்த ராத்திரிக்கும் அது ஆனதில்லை. ஒருமுறை பின்வரிசையில் பச்சைப் பூசணம் பூத்துக் கிடந்த டப்பாவில் இருந்தது என்ன என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் கோலம் போடும்போது, "ஏங்க, அது அமாவாசைக்கு வச்ச வாழைக்காய்!" என்று வாசலிலிருந்து கத்தினாள்.

அவள் 'ஏங்க' சண்முகவேல். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே துணிக்கடை போட்டு ஊன்றிக்கொண்டவர். எழுபத்தொன்றில் ஃபிரிட்ஜ் வாங்கினார். சமையலறையில் வைத்தால் யார் பார்ப்பார்கள்? கூடத்தில், ரேடியோவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கதவில் சந்தனம் குங்குமம் இட்டு, தலையில் லேஸ் துணி விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் திராட்சைக் கொத்தையும் வைத்தாயிற்று. இத்தனை மரியாதை செய்தும் அந்தப் பெட்டி மூன்று வருஷமாகப் பாலைத் திரித்துக்கொண்டுதான் இருந்தது.

மெக்கானிக் நாகராஜ் இரண்டு தடவை வந்தான். பட்டப்பகலில் வந்து, உள்ளே கையை விட்டுப் பார்த்து, "பெட்டி ஃபஸ்ட் க்ளாஸா கீதும்மா. நீ இன்னாத்த வெக்கிறியோ, அத்தப் பாரு" என்று காபி குடித்துவிட்டுப் போனான்.

சண்முகவேலுக்கும் அதே கட்சிதான். கடைக்கு யாராவது சாயம் போன சேலையைத் திருப்பிக் கொண்டுவந்தால், "சாயத்துல குத்தமில்லம்மா, துவைக்கிற கையில குத்தம்" என்று சொல்லி அனுப்புகிற மனிதர். வீட்டிலும் அதையே சொன்னார். "பெட்டியில குத்தமில்ல வடிவு. வைக்கிற கையிலதான் என்னமோ இருக்கு."

விளையாட்டாகச் சொன்ன பேச்சு நங்கநல்லூர் வரைக்கும் போய்விட்டது. அங்கே சண்முகவேலின் அக்கா சுந்தரவல்லி இருக்கிறாள். சொந்தத்தில் எந்த வீட்டு விசேஷமானாலும் பந்தியில் என்ன போடுவது என்று முடிவு செய்வது அவள்தான். வடிவின் மகள் பங்கஜத்துக்கு இது ஏழாம் மாசம். அடையாறில் சம்பந்தி வீட்டுக்கு, பெற்றவள் தன் கையால் கட்டுச்சோறு கிளறி எடுத்துப் போக வேண்டும். சுந்தரவல்லி சட்டென்று சொல்லிவிட்டாள். "அம்பது பேரு சாப்பிடுத இடம். உன் சமையலு ஐஸ் பெட்டிக்குள்ளயே கெட்டுப்போகுது, அடையாறு வரைக்கும் தாங்குமா? மயிலாப்பூர்ல ஒரு தவசிப்பிள்ளை இருக்காரு, சமையல அவருகிட்ட விட்டுருவோம்."

பெற்ற மகளுக்குப் புளியோதரை கிளற ஊரான் கையா? 'மாட்டேன்' என்று சொல்லத்தான் வடிவு நினைத்தாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அரிசி களையும்போது கையை நிறுத்தி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வாள். முப்பது வருஷம் சோறு போட்ட கைதானே, இதற்கு என்ன வந்தது?

இந்தச் சமயத்தில் தீபாவளிச் சரக்கு எடுக்க சண்முகவேல் சூரத்துக்குப் புறப்பட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வடிவு வழக்கம்போல் கடையைப் பரப்பினாள். துவையலை மோந்தாள். ஒன்றும் தெரியவில்லை. கூட்டை மோந்தாள், அதிலும் ஒன்றுமில்லை. "ஜலதோஷம் பிடிச்சிருச்சோ?" என்று மூக்கைச் சிந்திவிட்டு வந்து மறுபடியும் மோந்தாள். தயிர் வெட்டி எடுக்கலாம் போல இருந்தது. ஐஸ் தட்டு பிடித்த பிடியில் அசைய மாட்டேன் என்றது. யாரிடமும் சொல்லவில்லை அவள். சொன்னால் மறுபடி கெட்டுப்போகுமோ என்று பயம்.

பத்தாம் நாள் சண்முகவேல் ஊர் திரும்பினார். தவசிப்பிள்ளையைப் பார்க்க வந்த சுந்தரவல்லியும் அன்றைக்கு மத்தியானம் அங்கேதான் சாப்பிட்டாள். வடிவு சொதி ஊற்றினாள்.

"தேங்காப்பால் மணக்கே! இப்பம் வச்சதா?" என்றாள் சுந்தரவல்லி.

"முந்தாநாள் வச்சது மதினி. பெட்டியில இருந்துச்சு." வடிவுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. "பத்து நாளா ஒண்ணுகூட கெடல. ஐஸு கல்லு மாதிரி கிடக்கு."

சண்முகவேல் கையில் எடுத்த கவளத்தை அப்படியே இலையில் வைத்தார். "பத்து நாளா? அப்பம் ராத்திரி யாரும் ஆஃப் பண்ணலையா?"

"எதை?"

"பெட்டியத்தான்! அய்யய்யோ, ராவும் பகலுமா ஓடுச்சா? மோட்டார் காயில் எரிஞ்சிருமே வடிவு! கடையில ஷட்டர் போட்டதும் மெயினை இறக்குத மாதிரி, இங்கயும் படுக்கப் போகும்போது நானே எல்லாத்தையும் நிறுத்திருவேன். காலையில நாலு மணிக்கு எந்திரிச்சுப் போடுவேன். மிஷினுக்கும் ஓய்வு வேண்டாமா?"

"எத்தனை நாளா?" என்று கேட்டாள் வடிவு.

"வாங்கின நாள்லேருந்து. ஒரு நாள் தவறினது கிடையாது" என்றார் பெருமையாக.

வடிவு சிரித்தாள். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். பாதியில் அது அழுகையாகத் திரும்பி, மறுபடியும் சிரிப்பாக வந்து நின்றது. "மூணு வருஷம்! என் கைதான் விளங்காத கைன்னு நம்பிட்டேனே மதினி! உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்து அழுதேனே!"

சண்முகவேல் மனைவியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் மெல்ல உறைத்திருக்க வேண்டும்.

"ஏலே, நீயும் உன் ஓய்வும்!" என்றாள் சுந்தரவல்லி. தவசிப்பிள்ளை பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லட்டும் என்று வடிவும் காத்திருக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், ஸ்டூலை இழுத்துப் போட்டாள், ஏறினாள், பரணிலிருந்து கட்டுச்சோற்றுக்கான பித்தளைக் குண்டான்களை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தாள். "பிடிங்க மதினி."

சுந்தரவல்லி அவசரமாகக் கையைக் கழுவிக்கொண்டு வந்து வாங்கி வைத்தாள். மூன்றாவது குண்டானுக்கு வடிவு எட்டியபோது ஸ்டூல் ஆடியது. இலையை விட்டு எழுந்து வந்த சண்முகவேல், சொதி ஒழுகும் வலக்கையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி, இடக்கையால் ஸ்டூலின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் காலடியில் குந்தி உட்கார்ந்தார்.