போரில் மாட்டிய மோட்டாரும் யாரும் கேட்காத சொல்லும்

என் வேலை இன்னதென்று சொன்னால் சொந்தக்காரர்கள் யாருக்கும் புரிவதில்லை. கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் ஒரு செல்போன் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு லேப்டாப், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். நீங்கள் போனில் எதையாவது தேடும்போது, பதில்களுக்கு மேலே 'விளம்பரம்' என்று சின்ன எழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு வரி வருமே, அதை வரவைப்பவள் நான். அதை யாராவது அழுத்தினால் விளம்பரம் கொடுத்தவர் கணக்கிலிருந்து தேடல் கம்பெனிக்குக் காசு போகும். எந்தச் சொல்லைத் தேடினால் நம் வரி வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பத்து விளம்பரக்காரர்கள் கேட்கிற சொல்லுக்கு ஏலம்போல விலை ஏறும். யாரும் கேட்காத, ஆனால் தேவைப்பட்டவர் தேடியே தீர வேண்டிய சொல் ஒன்று கிடைத்துவிட்டால் பிழைத்தோம்.

அந்த மாதிரிச் சொற்களை நானும் என் தோழியும் சேர்ந்துதான் பிடித்துக்கொண்டிருந்தோம். கல்லூரியில் ஒரே பெஞ்ச். மற்றவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சொல் தேடுவார்கள், நாங்கள் பஸ்ஸில் தேடினோம். சனங்கள் தங்கள் கஷ்டத்தைப் போனில் எப்படிச் சொல்கிறார்களோ, அப்படியேதான் மைக்கை அழுத்தித் தேடவும் செய்கிறார்கள் என்பது அவள் கண்டுபிடிப்பு. ஒரு முறை தேன் வியாபாரி ஒருவரைப் பார்க்க வெள்ளிமலைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வளைவுகளில் பஸ் சாய்ந்து சாய்ந்து இறங்குகிறது. முன் சீட்டுக்காரர் போனில் கத்துகிறார்.

"போர்ல மோட்டார் மாட்டிக்கிச்சுப்பா! ஏறவும் மாட்டேங்குது, எறங்கவும் மாட்டேங்குது!"

தோழி என் விலாவில் இடித்தாள். "எழுதுடி. இந்த வார்த்தைக்கு எவனும் காசு கட்டிக்கினு இருக்க மாட்டான்."

அப்படியே இருந்தது. 'போர்வெல்' என்ற சொல்லுக்குச் சேலத்திலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பெரிய ஆட்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். 'போரில் மோட்டார் மாட்டிக்கொண்டது' என்பதற்கு நேரே, போட்டி என்ற கட்டத்தில், 'குறைவு' என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லை எங்கள் வாடிக்கையாளரான வடக்கனந்தல் அண்ணனுக்கு வைத்தோம். ஆழ்குழாய்க் கிணற்றில் சிக்கிய மோட்டாரை வெளியே தூக்குவதுதான் அவர் தொழில். ஒரு பழைய வண்டி, அதன்மேல் இரும்புக் கம்பம், செயின், மூன்று ஆட்கள். கரும்பு காய்கிற நேரத்தில் மோட்டார் சிக்கினால் விவசாயி அழாத குறையாகத் தேடுவான். தேடினால் அண்ணன் ஒருவர்தான் வருவார். அவர் போன் விடாமல் அடித்தது.

பிறகு தோழிக்குக் கல்யாணம் ஆகி உளுந்தூர்பேட்டைக்குப் போனாள். குழந்தை பிறந்தது. அங்கேயே வீட்டிலிருந்தபடி தனியாக நாலைந்து கடைகளுக்கு விளம்பர வேலை செய்ய ஆரம்பித்தாள். போகும்போது நாங்கள் சொற்களை எழுதி வைத்திருந்த நோட்டை என்னிடம் கொடுத்தாள்.

"உன்கிட்டயே இருக்கட்டும்டி. எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே."

அன்றைக்கு அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. பின்னால் அதே வாக்கியத்தை எத்தனை விதமாக மென்றேன் என்பதுதான் இந்தக் கதை.

சந்தேகம் எனக்குக் கூடப் பிறந்தது. காய் வாங்கினால் தராசைப் பார்க்க மாட்டேன், தராசைப் பிடித்த விரலைப் பார்ப்பேன். அப்படிப்பட்டவள் கண்ணில்தான் ஒரு காலை நேரம் அது பட்டது. அண்ணனின் விளம்பரத்துக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒதுக்கிய தொகை, காலை ஏழு மணிக்கே காலி. அழுத்தியிருக்கிறார்கள், ஒருவரும் போன் செய்யவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். ஆறு மணிக்குத் தொடங்கி மளமளவென்று அழுத்துகிறார்கள். பத்து மணிக்கு நிஜமாகவே மோட்டார் சிக்கியவன் தேடும்போது அண்ணன் அங்கே இல்லை.

ஒரே போனிலிருந்து திரும்பத் திரும்ப அழுத்தினால் தேடல் கம்பெனியே அதைக் கள்ள அழுத்தல் என்று கழித்துவிடும். இது ஆளுக்கு ஒன்று, அளந்து வைத்ததுபோல. விவரம் தெரிந்த கை என்று நினைத்தேன். எந்த ஊரிலிருந்து என்று பார்த்தேன். உளுந்தூர்பேட்டை வட்டாரம்.

அந்தச் சொல்லை அறிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். நான், அண்ணன், அவள். அண்ணன் தன் விளம்பரத்தைத் தானே கெடுப்பாரா? அங்கே அவளிடம் மோட்டார் தூக்குகிற ஒருவர் வாடிக்கையாளராக இருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். வேறென்ன வேண்டும்?

காலை ஆறு மணிக்கு அவளுடைய வாட்ஸப்பைத் திறந்தேன். ஆன்லைன். மறுநாளும் ஆறுக்கு ஆன்லைன். ஒரு நாள் அந்நேரத்துக்கே கூப்பிட்டு, "இன்னாடி, கோழிக்கு முன்னாடி எழுந்துக்கற?" என்று சிரித்தபடி கேட்டேன்.

"குழந்த தூங்க வுட்டாத்தான? இரு, அழுவுது, வைக்கறேன்."

குழந்தை அழுத சத்தம் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அதையும் குறித்துக்கொண்டேன்.

பொறி வைத்தேன். 'போர் குழாய் உடைந்துவிட்டது' என்ற சொல்லுக்கு இப்போது தேடல் ஜாஸ்தி, போட்டியே இல்லை என்று அவளிடம் பேச்சுவாக்கில் ஒரு பொய்யைப் போட்டு வைத்தேன். அவள் அதை எடுத்தால் மாட்டினாள். ஒரு வாரம் பார்த்தேன், எடுக்கவில்லை. நல்ல மனுஷி என்றால் அத்தோடு விட்டிருப்பாள். நானோ, எவ்வளவு உஷார் பாருங்கள், மோப்பம் பிடித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அதற்குள் அண்ணன் தாங்கமாட்டாமல் புலம்ப ஆரம்பித்தார். "போனே வரல்லியேம்மா. ஆளுங்க மூணு பேரும் வண்டியில சும்மா குந்திக்கினு இருக்காங்க. இன்னா கோளாறுன்னு பாரும்மா." அந்தக் குரலைக் கேட்ட கையோடு தோழியைக் கூப்பிட்டேன்.

"காலையில ஆறு மணிக்கு நீ பண்ற வேலை எனக்குத் தெரியும்டி" என்றேன்.

"இன்னா வேலை?"

"எங்க அண்ணன் விளம்பரத்த ஆள வச்சி அழுத்திக்கினு இருக்க. மனப்பாடம்னு சொன்னப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்."

"நீயாடி இதச் சொல்ற?" என்றாள். அவ்வளவுதான். வைத்துவிட்டாள். குற்றம் இல்லாதவள் சண்டை போடுவாளே, இவள் ஏன் போடவில்லை என்று அதையும் என் பக்கத்து ஆதாரமாகச் சேர்த்துக்கொண்டேன்.

உடனே அண்ணனின் விளம்பரத்தில் ஒரு மாற்றம் செய்தேன். உளுந்தூர்பேட்டை வட்டாரம் முழுவதிலும் அது தெரியக் கூடாது என்று தடுத்து வைத்தேன். இனி எப்படி அழுத்துகிறாள் பார்ப்போம்.

மறுநாள் காலை ஆறே கால். போன். அண்ணன்.

"இன்னாம்மா, நம்ம விளம்பரம் எலவனாசூர்கோட்டையில வரலியாமே? எங்க மச்சினி போன் பண்ணிச்சு. அவங்களால போணி பண்ண முடியலியாம்."

"போணியா?" என்றேன்.

"ஆமாம்மா. நீ விளம்பரம் போட்ட புதுசுல என் மச்சினி அவ வூட்டுலருந்து ஒரு நாளு வெள்ளன அழுத்திப் பார்த்துச்சு. அன்னிக்கு நாலு மோட்டார் தூக்குனோம். ராசியான கைம்மா அது. அப்புறம் யாவாரம் கொஞ்சம் கம்மியாச்சா, ஒரு கை பத்தலபோலன்னு நாந்தான் சொன்னேன். இப்ப அந்தத் தெருவே காலையில போணி பண்ணுது. ஆளுக்கு ஒரு தபாதான். யாருமே ரெண்டு தபா அழுத்த மாட்டாங்க, நான் கண்டிசனா சொல்லிட்டேன்."

எலவனாசூர்கோட்டை அவருக்கு மாமியார் ஊர். உளுந்தூர்பேட்டை வட்டாரத்தில்தான் இருக்கிறது. கடை திறந்ததும் கைராசிக்காரர் ஒருவர் முதல் வியாபாரம் செய்தால் அன்றைய நாள் ஓடும் என்பது எங்கள் பக்கத்தில் பெட்டிக்கடை முதல் நகைக்கடை வரை நம்பிக்கை. போணி செய்கிற கை காசைக் கொடுக்கும். இந்தக் கைகள் ஒவ்வொன்றும் காசை எடுத்துக்கொண்டு போயின என்று அண்ணனுக்கு விளக்கிச் சொன்னேன்.

"அய்யய்யோ!" என்றார். பிறகு தயங்கி, "மச்சினி மட்டும் ஒண்ணே ஒண்ணு அழுத்தட்டுமாம்மா? ராசின்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார்.

சரி என்றேன். எலவனாசூர்கோட்டைக்கு ஒரு அழுத்தல் என்று உடன்படிக்கை. தடுப்பை எடுத்துவிட்டேன். அன்றைக்கே அவருக்குப் போன் வந்தது, மலையடிவாரத்தில் ஒரு மரவள்ளித் தோட்டத்துக்குப் போனார்.

நான் தோழியைக் கூப்பிடவில்லை. வெட்கம். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று நாள் ஓட்டினேன். நேரில் போய்விடலாம், குழந்தைக்குச் சட்டை வாங்கிக்கொண்டு போகலாம் என்றெல்லாம் யோசித்தேன். யோசித்ததோடு சரி.

நாலாம் நாள் வழக்கம்போல 'போரில் மோட்டார் மாட்டிக்கொண்டது' என்று தேடிப் பார்த்தேன். அண்ணனின் வரிக்கு மேலே இன்னொரு வரி இருந்தது. உளுந்தூர்பேட்டையில் மோட்டார் தூக்குகிறவர். அவளுடைய வாடிக்கையாளர்.

அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான், பழக்கம் எங்கே போகும். பார்த்தாயா, கடைசியில் அவளே என்று ஒரு நொடி எனக்குள் ஒருத்தி குதித்தாள். அப்புறம்தான் ஒவ்வொன்றாக உறைத்தது. அந்தச் சொல்லை முதலில் கேட்டது அவள் காது. அது அவளுக்கு மனப்பாடம். அவளிடமும் மோட்டார் தூக்குகிறவர் இருக்கிறார். இத்தனை மாதமும் அந்தக் கட்டத்தில் 'குறைவு' என்று இருந்தது யாருக்கும் தெரியாததால் மட்டும் அல்ல. தெரிந்த ஒருத்தி தொடாமல் இருந்ததாலும்தான்.

கூப்பிட்டேன். எடுத்தாள். எலவனாசூர்கோட்டை, மச்சினி, போணி என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். பழைய நாளாக இருந்தால் உருண்டு உருண்டு சிரித்திருப்பாள்.

"மன்னிச்சிடுடி" என்றேன்.

"அவரு ஆரம்பத்துலருந்தே கேட்டுக்கினு இருந்தாரு" என்றாள். "அந்த வார்த்தைக்குப் போடுங்களேன்னு. அது வேற ஒருத்தங்களோடது, வேணாங்கன்னு சொல்லிக்கினே இருந்தேன். நீ அப்படிப் பேசின மறுநாளு மறுபடியும் கேட்டாரு. இன்னான்னு சொல்லி நிறுத்துவேன், சொல்லு?"

எங்கள் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"சரி, குழந்த அழுவுது. வைக்கறேன்."

குழந்தை அழுகிற சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்டது என்றே வைத்துக்கொண்டேன்.