தடங்கல் என்று குறிக்கப்பட்ட படகு

என் அக்காவைக் கட்டிக்கொண்டவர் துறைமுகத்தில் வரைபடப் பரிசோதகர். சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டு உல்லாசப் படகுகளில் ஏறி, கடல் வரைபடம் இருக்கிறதா, காகிதத்தில் இருக்கிறதா, புதிய பதிப்பா, வாராவாரம் வரும் திருத்தங்களை மையில் ஏற்றியிருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் வேலை. இருபத்தாறு வருஷமாக இதையே செய்கிறார். அங்கேயே படகு எஞ்சின் மெக்கானிக்காக இருக்கும் எனக்கு அவரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். வீட்டில் உப்பு டப்பாவை இடம் மாற்றினால்கூட ஃபிரிட்ஜில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். அக்கா ஒட்டுகிறாள், அதுதான் இன்னும் ஆத்திரம்.

போன வருஷம் ஒரு பாய்மரப் படகில் ஓய்வுபெற்ற பல் டாக்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். இரண்டு நாள் தங்கி, குடிதண்ணீர் பிடித்துக்கொண்டு கிளம்புவதாகத் திட்டம். அத்தான் வரைபடம் கேட்டார். டாக்டர் பெருமையாக டேப்லெட்டை நீட்டினார்.

"சார்ஜ் தீந்தா கடலும் தீந்துடுமா டாக்டர்?" என்றார் அத்தான். பாஸ்போர்ட் இரண்டும் அவர் பீரோவுக்குள் போயின. விமானத்தில் போகலாம் என்றால் அதுவும் நடக்காது. படகோடு வந்தவர்கள் படகோடுதான் போக வேண்டுமாம்.

காகிதப் படத்துக்கு எழுதிப் போட்டார்கள். அது வந்து சேர ஆறு வாரம். வந்தபோது ஒன்பது திருத்தங்கள் பாக்கி. அவற்றையும் வரவழைத்து ஏற்றி முடித்த அன்றைக்கு அந்தப் பதிப்பே ரத்தாகிவிட்டது. புதிய பதிப்பு அச்சில் இருக்கிறது என்றார்கள். டாக்டர் பொழுது போகாமல் துறைமுகத் தொழிலாளிகளுக்குச் சொத்தைப் பல் பிடுங்க ஆரம்பித்தார். அவர் மனைவி எங்கள் பாஷையையே கற்றுக்கொண்டார். முதலில் கற்றுக்கொண்டது "நாளைக்கு வாங்க".

இதற்கிடையில் அத்தான் ஒரு காரியம் செய்தார். ஆறு மாதம் ஒரே இடத்தில் அசையாமல் கிடக்கும் எதையும் தடங்கல் என்று வரைபட அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. டாக்டரின் படகு ஆறு மாதமாகக் கிடந்தது. மனுஷன் தெரிவித்துவிட்டார்.

பதினோராம் மாதம் புதிய பதிப்பு வந்தது. மூன்றாவது படகுத்துறைக்கு எதிரே, டாக்டரின் படகு நின்ற இடத்தில், புள்ளிகளால் ஒரு வட்டம், பக்கத்தில் "தடங்கல்". டாக்டருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அவர்கள் மகளுக்கு முதல் பிரசவம், இன்னும் மூன்று வாரம். கடலில் பதினெட்டு நாள் பயணம். போய்ச் சேர்ந்துவிடலாம் என்று படத்தைக் கட்டிப்பிடிக்காத குறை.

அத்தான் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"டாக்டர், நீங்க இங்க நிக்கிற வரைக்கும்தான் இந்தப் படம் சரி. கிளம்பிட்டா தப்பாயிடும். தப்பான படத்தோட எப்படி அனுப்புறது?"

"அப்ப திருத்திக் குடுங்க."

"போனப்புறம்தானே திருத்த முடியும்? நிக்கிற படகை இல்லன்னு எழுதினா பொய்யாயிடும்ல?"

என் கையில் ஸ்பேனர் இருந்தது. அக்கா புருஷனாயிற்றே என்று கீழே வைத்தேன்.

மூன்று நாள் இதே பல்லவி. மூன்றாம் நாள் மத்தியானம், அன்றைக்கும் கிளம்பாவிட்டால் பிரசவத்துக்குப் போய்ச் சேர முடியாது என்ற நிலையில், டாக்டரின் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். அத்தானோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்த நான் ஒதுங்கி வழிவிட்டேன். அந்த அம்மா சத்தம் போடவில்லை. மேஜையில் விரித்திருந்த படத்தில் வட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதுக்குள்ள நாங்க ரெண்டு பேர் இருக்கோம் சார். அதைப் போட ஒரு குறி இல்லையா?"

அத்தான் குறிகளின் அட்டவணையை எடுத்து, நிஜமாகவே, பக்கம் பக்கமாகத் தேடினார். பாறைக்குக் குறி இருந்தது. சேற்றுக்கு இருந்தது. சிப்பிக்குக்கூட இருந்தது. ஆளுக்கு இல்லை. அட்டவணையை மூடி வைத்தார். பிறகு பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டுகளை எடுத்து நீட்டினார்.

"கிளம்புங்கம்மா. படகு இங்கதான் இருக்கு."

எனக்கே புரியவில்லை. அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. படகுத்துறையை நோக்கி ஓடினார்.

மறுநாள் காலையில் மூன்றாவது படகுத்துறையில், வெறும் தண்ணீரைப் பார்த்தபடி, அத்தான் பதிவேட்டோடு நின்றார். எட்டிப் பார்த்தேன். இடம்: மாறவில்லை. நிலை: உள்ளது. படகில் உள்ளோர்: இருவர். அன்றிலிருந்து தினமும் இப்படித்தான். உள்ளே வரும் படகுகள் அந்த இடத்தை விட்டு ஒதுங்கிப் போக வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். முணுமுணுத்துக்கொண்டே நானும் ஒதுங்கித்தான் போனேன். வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய், அதையும் விதிப்படி பராமரிக்கிறார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாவது வாரம் முடியும்போது அக்கா போனைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கே ஓடி வந்தாள். டாக்டரின் மனைவி செய்தி அனுப்பியிருந்தார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். பெண் குழந்தையாம், தாயும் சேயும் நலமாம். அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு செய்தியை இரண்டு தடவை படித்தார். பிறகு பதிவேட்டைத் திறந்தார். படகில் உள்ளோர் என்ற கட்டத்தில் இருவரை அடித்துவிட்டு மூவர் என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.