பல்லில் கேட்ட துரு

தோல் பதனிடும் தொழிற்சாலையில், சுழலும் பெரிய மரப் பீப்பாய்களுக்கு நடுவே முப்பது வருஷம் பிட்டராக வேலை பார்த்ததில் லாசருக்குக் காது போயிருந்தது. உரக்கப் பேசினால்தான் கேட்கும். ஓய்வு பெற்று, மலைமேல் இருக்கும் சொந்த ஊரான காவலூருக்குத் திரும்பியவர், 1981 கார்த்திகையில் ஒரு பழைய அம்பாசடர் வாங்கினார். மனைவி தெரசம்மாளின் முழங்கால்களுக்குப் பஸ் படி ஏற முடியவில்லை. காரணம் அவ்வளவுதான்.

மறுநாளே அடியில் படுத்துப் பார்த்தார். பூசியிருந்த தாரைச் சுரண்டியதும் துரு பொலபொலவென்று முகத்தில் உதிர்ந்தது. கம்பி பிரஷால் தேய்த்து, கடுக்காயை இடித்து ஊறவைத்த சாற்றைப் பூசினார். கடுக்காய்ச் சாறு பட்ட துரு கறுத்து இறுகும். தொழிற்சாலையில் பார்த்துப் பழகியது.

"காரு வாங்கினீங்களா, கடுக்கா மூட்டை வாங்கினீங்களா?" என்று பக்கத்து நிலத்துச் சடையன் வேலியோரம் நின்று கத்தினான்.

"தோலுக்கு ஒத்துக்கிச்சு, தகரத்துக்கு ஒத்துக்காதா?" என்றார் லாசர்.

ஆனால் நல்ல தகடும் அரித்த தகடும் இப்போது ஒரே கறுப்பு. இனித் தட்டிப் பார்த்தால்தான் தெரியும். நிதானமாகப் பார்க்கலாம் என்றிருந்தார். புதன்கிழமை காலையில் தந்தி வந்தது. படவேட்டில் தெரசம்மாளின் அக்கா அன்னமேரி கவலைக்கிடம்.

தெரசம்மாள் சேலை மாற்றிக்கொண்டு வந்து காருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எடுங்க. இருட்டறதுக்குள்ள போய்ட்லாம்."

"நான் தட்றேன். நீ கேட்டுச் சொல்லு" என்று சுத்தியலோடு அடியில் நுழைந்தார் லாசர். நல்ல தகடு ணங் என்னும். கெட்டது மொத் என்னும்.

"இது?"

"ணங்குன்னுதான் கீது!"

"இது?"

"அதுவுந்தான். இன்னும் எத்தினி தட்டுவீங்க?"

மூன்றாவதும் அப்படியே. நாலாவது, பின் சக்கரத்து வில்பட்டையைத் தாங்கும் இடம். தட்டினார். பதில் உடனே வரவில்லை. அங்கிருந்து அவள் கால்கள்தான் தெரிந்தன. கட்டைவிரல் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் கீது. வெளிய வாங்க!"

லாசர் வரவில்லை. நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை அந்த இடத்தில் ஊன்றி, மரக் கைப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு மறுபடி தட்டினார். காது மந்தமான பிறகு தொழிற்சாலையில் பேரிங் சத்தத்தை அப்படித்தான் கேட்பார். காது விட்டதை எலும்பு பிடிக்கும். கைப்பிடி முழுக்க அவர் பல் தடம்.

ஈர விறகைத் தட்டியது போல இருந்தது. அழுத்தினார். நுனி தகட்டைத் துளைத்து நாலு விரற்கடை உள்ளே போனது.

ஆலங்காயம் போகும் மலை இறக்கத்தில் அந்த இடம் விட்டுப்போனால் பின் அச்சு நகரும், கார் பள்ளத்தில் கிடக்கும். வெல்டிங் செய்யவும் அதே இறக்கத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வெளியே வந்து கையைத் துடைத்தார். "எனக்கு இன்னாவோ மனசு ஒப்பல. பஸ்ல போலாம்."

தெரசம்மாள் பையை எடுத்துக்கொண்டாள்.

பஸ் நிற்கும் இடம் வரை ஊர்க்காரன் முனியனின் மாட்டுவண்டி. மத்தியானப் பஸ் போய்விட்டிருந்தது, அடுத்தது சாயந்தரம். லாசர் கைத்தாங்கலாக அவளைப் படியேற்றினார். வேலூரில் இறங்கியபோது படவேட்டுக்குக் கடைசி வண்டியும் கிளம்பிவிட்டிருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"விடிகால நாலு மணி வரிக்கும் உயிர் இருந்துச்சு சின்னத்தே" என்றாள் அன்னமேரியின் மருமகள் வசந்தி. "தெரசா வந்துட்டாளா, தெரசா வந்துட்டாளான்னு ஒரே கேள்வி."

அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பும்போது தெரசம்மாள் லாசரின் எதிரில் வந்து நின்றாள்.

"அந்த நாலாவது எடம். மொத்துன்னுதான் கேட்டுச்சு."

"தெரியும். பல்லுல கேட்டுச்சு."

"அப்பறம் ஏன் என்னிய ஒரு வார்த்த கேக்கல?"

கேட்காதவர் போல லாசர் முன்னால் நடந்தார், அவள் முழங்காலுக்கு ஏற்ற நடையில்.