படைத்தலைவர் தேசப்பன்

எங்கள் ஏரிக்கரை ஊரான பசியாவரத்தில் தேசப்பனைப் போலப் போர்ப் பைத்தியம் பிடித்தவன் வேறு யாரும் கிடையாது. வலையைப் போட்டுவிட்டுப் படகில் சும்மா இருக்கும் நேரமெல்லாம் செல்போனில் போர்க்கதை கேட்பான். கேட்டதை அதே படகில் இருக்கும் என் காதிலும் ஊற்றுவான். ஊரில் அவனுக்குப் படைத்தலைவர் என்றே பட்டப்பெயர். வந்தவாசிப் போரில் பிரெஞ்சுத் தளபதி லாலி ஏன் தோற்றான், ஆங்கிலேயத் தளபதி கூட் எப்படி ஜெயித்தான் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கத்தரிக்காய் விலை மட்டும் தெரியாது என்று அவன் மனைவி அமுதவல்லி தலையில் அடித்துக்கொள்வாள்.

அவன் மகள் கோமளாவுக்கு எதிர்க்கரை ஊரில் தசரதனின் மகனைப் பேசி முடித்தார்கள். வைகாசியில் கல்யாணம். மனுஷனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஏரியில் மீன் நன்றாக விழும் இடத்தைப் பாடு என்போம். அந்தப் பாட்டில் ஒரு நாள் நாங்கள், மறுநாள் எதிர்க்கரைக்காரர்கள் என்று முறைவைத்து வலை போடுவோம். எங்கள் முறையன்று ஊரில் சாவு விழுந்தால் அன்று யாரும் ஏரியில் இறங்க மாட்டோம். அவர்களுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டால் போதும், முறை ஒரு நாள் தள்ளிப்போய் மறுநாள் எங்களுடையதாகும்.

சித்திரையில் எங்கள் முறையன்று தேசப்பனின் தூரத்து அத்தை கஸ்தூரியம்மாள் இறந்துபோனாள். அன்று மாலையே அடக்கம் முடிந்தது. மறுநாள் விடியலில் பாட்டுக்குப் போனால், அங்கே எதிர்க்கரைப் படகுகள் வலையோடு நிற்கின்றன.

"எங்க முறைல வந்து நிக்கிறீங்களா?" என்று இரண்டு பக்கமும் ஒரே கூச்சல். கழிகள் உயர்ந்தன. எதிரே முதல் படகில் தசரதன்.

"தேசப்பா, உனக்குத்தான் எல்லாப் போரும் தெரியுமே! எப்டி வளைக்கறது, சொல்லு!" என்று எங்கள் ஆட்கள் கத்தினார்கள்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. ஒரு கழி ஒரு மண்டையில் விழுந்தால் போதும், கோமளாவின் கல்யாணம் அதோடு சரி. விலகி நின்றால் ஊர் காறித் துப்பும்.

"எல்லாரும் கம்முனு இருங்க!" என்று அவன் போட்ட சத்தத்தில் இரண்டு பக்கமும் ஒரு நொடி அடங்கியது. "சம்பந்தி, நேத்து சாவுனு உங்களுக்கு யாரும் வந்து சொல்லலியா?"

"இன்னா சாவு? யாரு?"

"எங்க கஸ்தூரி அத்தை."

எங்கள் ஊர்த் தலைவர் தேசப்பனைப் பார்த்தார். "சம்பந்தி வூடாச்சே, நீ சொல்லிருப்பேனு நினைச்சேன்டா."

"முறை விஷயமாச்சே, நீங்க ஆள் அனுப்பிருப்பீங்கனு நான் இருந்துட்டேன்."

தசரதன் கழியைக் கீழே போட்டார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். அவர் பின்னாலிருந்த படகுகளிலும் ஒவ்வொரு துண்டாக இறங்கியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வலைய நீங்களே போடுங்க" என்றார் தசரதன்.

"இருக்கட்டும் சம்பந்தி. வந்தது வந்துட்டீங்க, இன்னிக்கு நீங்களே போடுங்க. நாளைக்கு நாங்க வரோம்."

"வலைய யார்னா போடட்டும். நான் இப்பவே ஊருக்கு வந்து துக்கம் கேக்கணும். சாவுக்கு வராதவன் கல்யாணத்துக்கு எந்த மூஞ்ச வெச்சிக்கினு வருவான்?"

கல்யாணம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எங்கள் படைத்தலைவர் படகிலேயே உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் விசித்து விசித்து அழுதான்.