இல்லாத குதிரைகள்

அந்தத் தெருவில் அவளை ‘முன்னூறு வீட்டம்மா’ என்றுதான் சொல்வார்கள். முன்னூறு என்பது அவள் கணவனின் பட்டப்பெயர். தன் பழைய சிவப்புக் காரை ஆசை ஆசையாகப் பிரித்து மாட்டி, அதில் முன்னூறு குதிரைத்திறன் இருப்பதாக அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததால் வந்த பெயர் அது. அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். பெயர் மட்டும் போக மறுத்து வாசலிலேயே நின்றது.

அவன் விட்டுப்போன கொட்டகையை அவள்தான் நடத்துகிறாள். தரையில் இரண்டு இரும்பு உருளைகள் பாதி புதைந்து கிடக்கும். காரின் சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றி, பட்டைகளால் இழுத்துக் கட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் கார் நின்ற இடத்திலேயே பேயாய் ஓடும். இன்ஜினின் பலம் எவ்வளவு என்று கண்ணாடி அறையில் இருக்கும் திரை சொல்லிவிடும். டைனோ என்பார்கள். திரைக்கு முன்னால் அவள். கீழே காரைக் கட்டுவது, ஒயர் மாட்டுவது, மிதிப்பது எல்லாம் அவள் கொழுந்தன்.

அவளிடம் வரும் எந்தக் காரும் சொன்ன பலத்தோடு திரும்பிப் போனதில்லை. விளம்பரத்தில் படித்தது, இன்ஜின் பலத்தைக் கூட்ட சிப் மாற்றிய கடைக்காரன் சத்தியம் செய்தது, நண்பன் வீடியோவில் காட்டியது என்று எதையாவது சொல்லிக்கொண்டு வருவார்கள். எல்லாம் அந்த உருளையின் மேல் கரைந்துபோகும். “அக்கா வாய்ல நல்ல நம்பரே வராது” என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவார்கள்.

அவள் ஏன் அப்படி ஆனாள்? அதை அவள் இடது கையிடம் கேட்க வேண்டும். தோளுக்கு மேல் எழும்பாத அந்தக் கை, ஒரு நெடுஞ்சாலையில் ஒரு லாரியைத் தாண்டப்போன நொடியின் மிச்சம். எதிரே பேருந்து வருவதைப் பார்த்து அவள் அலறினாள். அவன் சிரித்தான். “முன்னூறு இருக்கு, பயப்படாதே.” அதுதான் அவன் பேசிய கடைசிப் பேச்சு. இன்னும் ஒரு கை நீளம் கார் முன்னால் போயிருந்தால் தப்பியிருப்பார்கள். நிஜமாகவே முன்னூறு இருந்திருந்தால் அந்த ஒரு கை கிடைத்திருக்கும் என்பதே அவள் கணக்கு.

அந்தக் குரல் அவளை விட்டதே இல்லை. கார் அணைந்த பிறகும் உருளைகள் உடனே நிற்காது. தடதடவென்று சுற்றி, மெல்ல மெல்ல ஓயும். அந்த ஓசையில் எங்கோ தொலைவில் குதிரைகள் ஓடும். அவற்றின் நடுவிலிருந்து அவன் சொல்வான், பயப்படாதே. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பாள்: ஊருக்குச் சொன்ன பொய்யைச் சாகிற நேரத்திலும் என்னிடம் சொன்னீர்களா? இல்லை, நிஜமாகவே நம்பினீர்களா? பதில் வராது. உருளை நின்றுவிடும்.

அன்று மழை. ஒரு வெள்ளைக் கார் வந்தது. ஓட்டி வந்தவன் புது மாப்பிள்ளை. பக்கத்தில் இருந்த மனைவிக்கு நிறைமாதம்.

“அக்கா, இருநூறுக்கு மேல கண்டிப்பா இருக்கு. சும்மா ஒரு தடவை போட்டுக் காட்டுங்க, போதும்.”

“யாருப்பா சொன்னது?”

“சிப் போட்டவரே சொன்னாரு.”

“பொண்ணோட அப்பாகிட்டயே பொண்ணு எப்படின்னு கேட்டியாக்கும்!”

மனைவி களுக்கென்று சிரித்தாள். “நல்லா கேளுங்கக்கா. வீட்டுல கேஸ் அடுப்பு பத்தலைன்னாலும் ‘நம்ம வண்டில இருநூறு’ம்பாரு.”

“ஏய், நீ சும்மா இரு” என்றான் அவன். பிறகு கொழுந்தனின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப்போய் ஏதோ கெஞ்சினான். கெஞ்சும்போது அவன் கண்கள் மின்னின. அவள் கணவனுக்கும் இப்படித்தான் மின்னும். அதே கண்கள், அதே ஆசை.

கொழுந்தன் காரின் மூக்கருகே குந்தி உட்கார்ந்தான். சற்று நேரம் அங்கேயே எதையோ சரிசெய்தான். பிறகு உள்ளே ஏறி மிதித்தான். கொட்டகை அதிர்ந்தது. திரையில் கோடு ஏறி இருநூற்று ஒன்றில் நின்றது.

“பாத்தியா! பாத்தியா!” மாப்பிள்ளை குதித்தான்.

கண்ணாடி அறையில் அவள் அந்த எண்ணைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த சின்ன எண்ணைப் பார்த்தாள். வெளியே கொட்டும் மழை. திரையோ அடுப்படிச் சூட்டைக் காட்டியது. காற்று சூடானால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும், பலம் குறையும். அதனால் டைனோ காற்றின் சூட்டை ஒரு சின்ன சென்சாரால் பார்த்து, குறைந்த பலத்தைக் கணக்கில் கூட்டிக் கொடுக்கும். கொட்டகைச் சுவரில் தொங்க வேண்டிய அந்த சென்சார், கொதிக்கும் ரேடியேட்டரின் மேல் சொருகியிருந்தது.

அப்போதுதான் அவள் நெஞ்சில் ஒரு பழைய காட்சி எழுந்து வந்தது. சிவப்புக் கார் முன்னூறைத் தொட்ட நாள். அவள் டீ கொண்டு வந்து கூப்பிட்டும் திரும்பாமல் கொழுந்தன் இப்படியேதான் காரின் மூக்கருகே குந்தியிருந்தான். கணவனோ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றிருந்தான்.

அவள் கீழே இறங்கி வந்தாள்.

“தம்பி... அன்னைக்கும் இதையேதான் செஞ்சியா?”

அவன் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. அவன் முகம் வெளுத்துப்போயிற்று.

“அண்ணி... முதல் தடவை இருநூத்தி எண்பதுதான் வந்துச்சு. அண்ணன் முகம் செத்துப்போச்சு. பாக்க முடியலை. இன்னொரு தடவை போடலாம்ணேன்னு சொல்லிட்டு...”

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது அண்ணி. சத்தியமா தெரியாது. என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதாரு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? அன்னையிலேர்ந்து நான் இதைத் தொட்டதில்லை. இன்னைக்கு இந்தத் தம்பி கெஞ்சினதும்... அண்ணன் கேக்கற மாதிரியே இருந்துச்சு...”

அவன் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். ரத்தம் சொட்டச் சொட்ட அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன கைகள் அவை. கடை நொடித்துப்போய்விடாமல் தாங்கிய கைகளும் அவைதான்.

அவள் சென்சாரைப் பிடுங்கி எடுத்தாள். வலது கையாலேயே சுவர் ஆணியில் மாட்டினாள். “எந்திரி. திரும்ப மிதி.”

இந்த முறை நூற்று எண்பத்தெட்டு.

மாப்பிள்ளை கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் அந்த எண்ணை மறுபடி படித்தான். அவன் மனைவி மெல்ல எழுந்து வந்து அவன் கையைப் பிடித்தாள். “போதுமேங்க. இதை வச்சே ஓரமாப் போலாம்.”

“என் புருஷனுக்குக் குறைஞ்சது இருபதுதான்பா” என்றாள் அவள். “அந்த இருபதை நம்பித்தான் எதிர்ப்பக்கம் ஏறினாரு.”

மாப்பிள்ளை அவளுடைய தொங்கிய கையைப் பார்த்தான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டான். வெள்ளைக் கார் வந்ததைவிட மெதுவாக மழைக்குள் போயிற்று.

கார் இறங்கிப்போன உந்தலில் உருளைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. தடதடவென்று அந்தக் குதிரைகள் வந்தன. கோபித்துக்கொள்ளக்கூட இனி அவளுக்குக் கணவன் இல்லை. அவன் பொய்யன் இல்லை, ஏமாந்தவன். அந்த ஓசையின் நடுவிலிருந்து வழக்கமான குரல் வந்தது. முன்னூறு இருக்கு, பயப்படாதே.

இத்தனை காலத்தில் முதல் தடவையாக அவள் அதற்கு வாய்விட்டுப் பதில் சொன்னாள்.

“இல்லைங்க. இருநூத்தி எண்பதுதான். போகாதீங்க.”