பூட்டைப் பார்த்துப் பிடித்த வீடு

அந்தக் கடைத்தெருவில் சாவிக்காரர் என்றால் அவர் ஒருவர்தான். மாடிப்படிக்கு அடியில் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு பொந்து, அதுதான் கடை. முப்பத்தொரு வருஷம் அதற்குள் குனிந்தே கிடந்து முதுகும் அப்படியே வளைந்துவிட்டது. தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி வெட்டுவார், திறக்காத பூட்டைத் திறந்து கொடுப்பார். ஆனால் வீட்டுக்கு உரியவர் நேரில் நின்று அடையாள அட்டையை நீட்டாதவரை எந்தக் கதவிலும் கை வைக்க மாட்டார். சொந்த மச்சான் ஒருநாள் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு தெருவில் நின்றபோது அவனிடமும் அட்டை கேட்டவர் இவர். மச்சான் இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போனால் போகிறான், நிம்மதி என்று இருந்துவிட்டார்.

அவர் மனைவிக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. இருபது வருஷம் பஞ்சாலைத் தூசியைத் தின்ற நுரையீரல், பிறகு என்ன செய்யும்? மூக்கில் குழாய், பக்கத்தில் உறுமிக்கொண்டே ஓர் ஆக்சிஜன் இயந்திரம். குடியிருந்த அறையின் ஒரே ஜன்னலைத் திறந்தால் எதிரில் கிடங்குச் சுவர். ஒருநாள் அந்தச் சுவரைப் பார்த்தபடி, கடல் சத்தம் கேட்கிற ஓர் அறையில் மூன்று நாள் படுத்திருக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். அதோடு விட்டாளா?

“இத்தன வருஷத்துல உங்ககிட்ட நான் வேற என்னங்க கேட்டிருக்கேன்?”

நியாயமான கேள்வி. மனுஷனுக்கு நெஞ்சில் முள் தைத்தது. டாக்டரிடம் கெஞ்சி அரைமனதாகச் சம்மதம் வாங்கினார். விடுமுறைக்கு வீடு வாடகைக்கு விடுகிற இணையதளத்தில் நாலைந்து நாள் துழாவினார். வெளியூரில் இருக்கும் மகள், ஏற்கெனவே தங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துப் பார்க்கச் சொல்லிப் படித்துப் படித்துச் சொன்னாள். இவர் ஒரு வரி படித்தாரா? இல்லை. ஒவ்வொரு வீட்டின் வாசல் படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பூட்டைப் பார்த்தார்! ஒரு வீட்டில் ஆறு லீவர் பூட்டு, கனமான பித்தளை முகப்பு. இப்படிப்பட்ட பூட்டு போடுகிறவன் யாரையும் ஏமாற்ற மாட்டான் என்று முடிவு கட்டினார். உலகத்தில் யாராவது பூட்டைப் பார்த்து ஆளை எடை போடுவார்களா? இவர் போட்டார்.

வீட்டை விடுகிறவன் தேனாகப் பேசினான். தளம் வழியாகப் பணம் கட்டினால் தரகு போய்விடும், நேராக எனக்கே அனுப்புங்கள், பாதி வாடகை போதும் என்றான். தரைத்தளம், தடையில்லாத மின்சாரம், எல்லாம் உண்டு. வாசல் பக்கம் எண் போட்டுத் திறக்கிற சின்னப் பெட்டிக்குள் சாவி இருக்கும், வந்து சேர்ந்ததும் எண்ணை அனுப்புவேன் என்றான். மகளிடம் மூச்சு விடாமல் இவர் பணத்தை அனுப்பினார்.

பயணத்துக்கு, பேட்டரியில் ஓடுகிற சின்ன இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். நாலு மணி நேரம் தாங்கும் என்று கடைக்காரன் சொன்னான். கிளம்பும்போது இவர் பூட்டுத் திறக்கிற கம்பிக்கட்டைச் சட்டைப்பையில் போட்டதைப் பார்த்து, அங்கேயும் போய்க் கடை விரிக்கப் போகிறீர்களா என்று மனைவி சிரித்தாள். அவள் சிரித்தே பல மாதம் ஆகியிருந்தது.

டாக்ஸிக்காரன் பிற்பகல் இரண்டரைக்கு அந்த வாசலில் இறக்கிவிட்டுப் போனான். படத்தில் இருந்த அதே வீடு, அதே கதவு, அதே பூட்டு. எண்பெட்டியை மட்டும் காணோம். கதவைத் தட்டினார், ஒருவரும் வரவில்லை. வீட்டுக்காரனுக்குப் போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பத்து தடவை போட்டார். இயந்திரத்தில் பச்சை விளக்கு போய் மஞ்சள் எரிந்தது. நாலு மணி நேரம் என்றவன் வாயில் மண் விழ, இரண்டரை மணி நேரம்கூட முழுசாக ஆகவில்லை.

அந்தச் சந்தில் இன்னும் பன்னிரண்டு வீடுகள். எல்லாம் விடுமுறைக்கு மட்டும் ஆள் வருகிற வீடுகள். கேட்டுகளில் சங்கிலி, படிகளில் காற்று கொண்டுவந்து குவித்த மணல். வளைந்த முதுகோடு ஓடி ஓடி ஒவ்வொரு கேட்டையும் உலுக்கினார். ஈ காக்கை இல்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார், ஐம்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். டாக்ஸிக்காரன் அடுத்த சவாரி ஏற்றிவிட்டான். இணையதளத்தின் உதவி எண்ணில் கால் மணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பெண் வந்தாள். உங்கள் பேரில் முன்பதிவே எங்களிடம் இல்லை, அந்த வீடே போலி விளம்பரம் என்று நேற்றே நீக்கிவிட்டோம் என்றாள். வைப்பதற்கு முன்னால், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டாள். திட்டக்கூட நேரமில்லை.

மஞ்சள் போய்ச் சிவப்பு வந்தது. மனைவி வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

“ஏங்க, கடல் சத்தம் கேக்குது பாருங்க,” என்றாள் விட்டு விட்டு. “நல்லாத்தான் இருக்கு.”

அந்த வார்த்தையில் அவர் உடைந்துபோனார். கதவின் முன்னால் மண்டியிட்டார். சாவித்துவாரத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. வருகிறவன் போகிறவன் எல்லாம் கை வைத்த பூட்டில் கீறல்கள் தாறுமாறாக இருக்கும். இதில் ஒரே சாவி, ஒரே கை, தினமும் போய்வந்த தேய்மானம். எண்ணெய்கூடக் காயவில்லை. யாரோ குடியிருக்கிற வீடு இது, இன்று காலையில்கூடப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். தெரிந்தே கம்பியை எடுத்தார்.

மனைவி வேண்டாம் என்று தலையாட்டினாள். அவருடைய வைராக்கியம் அவளுக்குத் தெரியாதா? ஆபத்துக்குப் பாவமில்லை என்று ஊர் சொல்லிவிட்டுப் போய்விடும், செய்கிறவனுக்கல்லவா தெரியும்? அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பது எவ்வளவு உண்மை! இரண்டு தடவை கம்பி வழுக்கியது. இயந்திரம் கீச்சென்று கத்தி நின்றது. மூன்றாம் தடவை பூட்டு விட்டுக்கொடுத்தது.

அவளை அணைத்துத் தூக்கி உள்ளே கிடந்த சோபாவில் சாய்த்து, சுவரில் இருந்த பிளக்கில் இயந்திரத்தைச் செருகினார். அது உறுமத் தொடங்கியது. அவள் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார். உதட்டில் மெல்ல நிறம் வந்தபிறகுதான் சுற்றிலும் பார்த்தார். நாற்காலியில் ஈரத் துண்டு, மேஜையில் பாதி படித்துக் கவிழ்த்த புத்தகம், அதன்மேல் ஒரு மூக்குக்கண்ணாடி. வாய்விட்டு அழுதார்.

பிறகு கதவை விரியத் திறந்துவைத்து, கம்பிகளை எல்லாரும் பார்க்கும்படி படியில் பரப்பிவிட்டு, வெளியே நின்றார். காய்கறிப் பையோடு ஓர் அம்மாள் வந்தார், அறுபது வயதிருக்கும். இவர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார். அந்தம்மா உள்ளே போய்ப் பார்த்தார். ஒரு தலையணையைக் கொண்டுவந்து மனைவியின் முதுகுக்கு வைத்தார், தண்ணீர் கொடுத்தார். மாடியை வாடகைக்கு விடலாம் என்று எப்போதோ படம் எடுத்துப் போட்டாராம். மனசில்லாமல் விட்டுவிட்டாராம். அந்தப் படங்களை எவனோ திருடியிருக்கிறான். போன மாதமும் ஒரு குடும்பம் பெட்டியோடு வந்து நின்று திரும்பியதாம்.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் மனைவியை ஏற்றினார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். இவர் கைகூப்பி விடைபெறும்போது அந்தம்மா கேட்டார்:

“திறக்க எவ்வளவு நேரமாச்சு?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

“மூணு நிமிஷம்மா.”

அந்தம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“அவர் போனப்புறம் இங்க நான் ஒத்தையா இருக்கேன். இத யாராலயும் திறக்கவே முடியாதுன்னு சொல்லித்தான் கடையில குடுத்தாங்க. ஆறு வருஷமா இத நம்பித்தான் கண்ண மூடுறேன்.”

“நாளைக்கே வந்து இதவிட நல்ல பூட்டா மாட்டித் தர்றேம்மா. காசு வேணாம்.”

“மாட்டுவீங்க,” என்றார் அந்தம்மா. குரலில் கோபமே இல்லை. “அதையும் நீங்க திறப்பீங்களே.”

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். பின்கதவைச் சாத்துவதற்குள் அந்த வீட்டுக் கதவு பூட்டப்படுகிற சத்தம் கேட்டது. அந்தம்மா திறந்து மறுபடி பூட்டினார். அதன்பிறகு உள்ளே கனமான மேஜை ஒன்றைத் தரையில் இழுத்து வந்து கதவோடு சேர்த்து நிறுத்துவது கேட்டது.